ஓட வழி இருந்தால் ஓடாது

மிரண்ட நாய்க்கு முதலில் வேண்டியது தூரம். சின்ன அறையில் கிடைக்காததும் அதுதான். தெருவில் ஒரு நாய்க்கு நம்மேல் சந்தேகம் வந்தால் இருபதடி தள்ளி நின்று நோட்டம் விடும். அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால் இன்னும் பத்தடி விலகும். எட்டுக்குப் பத்து அறையில் அதற்கு அந்த வசதி இல்லை. சுவர் வரை போகும், அப்புறம் மூலை. மூலைக்கு வந்துவிட்ட நாயிடம் மிஞ்சுவது இரண்டே வழி: அசையாமல் ஒடுங்கிக் கிடப்பது, அதுவும் முடியாதபோது கடிப்பது.

காப்பகங்களின் சிகிச்சை அறைகள், திருவல்லிக்கேணியின் ஒண்டுக் குடித்தனங்கள், அடுக்குமாடி வீடுகளில் துணி காயப்போடும் இடத்தை ஒட்டிய சின்ன அறைகள் என்று, நாய்களைப் படம் எடுக்க எனக்கு வாய்த்த இடங்களெல்லாம் கையை நீட்டினால் சுவர் இடிக்கும் இடங்கள். இத்தனை வருடத்தில் நான் கற்றதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த அறையில் இல்லாத தூரத்தை நாய்க்கு உண்டாக்கிக் கொடுத்துவிட்டால் படம் தானாக வரும். எப்படி உண்டாக்குவது என்பதற்குத்தான் வருடங்கள் பிடித்தன.

பல்லாவரத்தில் அப்பா வைத்திருந்த ஸ்டூடியோவில் படம் எடுக்கும் அறையும் எட்டுக்குப் பத்துதான். ஒரு சுழல் நாற்காலி, பின்னால் நீலத் திரை, இரண்டு பக்கமும் குடை விளக்கு. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள், பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு வருகிற பிள்ளைகள், காதுகுத்து முடிந்து மொட்டைத் தலையோடு தூக்கி வரப்படும் குழந்தைகள். விளக்கைப் பார்த்ததும் குழந்தை வீறிடும். அப்பா விளக்கை அணைத்துவிட்டு, வாசல் திரையைத் தூக்கிக் கட்டிவிட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். "நேரமாகுதுண்ணே" என்று குழந்தையின் அம்மா பதறுவார். "பாப்பா ரூமைப் பார்த்து முடிக்கட்டும்மா" என்பார் அப்பா. குழந்தை தெருவில் போகும் பஸ்ஸைப் பார்க்கும். விளக்குக் குடையைத் தொட்டுப் பார்க்கும். அப்புறம் அப்பாவைப் பார்க்கும். அப்போதுதான் அவர் கை கேமராவுக்குப் போகும். நான் அந்தத் தொழிலில் வளர்ந்து, கல்யாணப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தேன். நாய்களிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது வெள்ளம்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையைத் தென்சென்னை ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்துகொள்ள, அடையாறு கரைமீறி ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் ஏறியது. படகில் ஏறியவர்களில் பலரால் நாயை ஏற்றிக்கொள்ள முடியவில்லை. மொட்டை மாடிகளிலும் மாடிப்படிகளிலும் தங்கிவிட்ட நாய்களைத் தன்னார்வலர்கள் மீட்டுக் காப்பகங்களில் சேர்த்தார்கள். இந்த ஊரில் நாய்க் காப்பகத்துக்கும் மழைக்கும் பழைய உறவு உண்டு. 1959-இல் தியாகராய நகரில் மழைநீரில் தத்தளித்த இரண்டு குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்கு எடுத்து வந்ததில்தான் புளூ கிராஸ் தொடங்கியது.

மீட்ட நாய்களைப் படம் எடுத்து, சொந்தக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று முகநூலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரவு பகலாக ஓடியவர்கள் கைப்பேசியில் அவசரமாக எடுத்த படங்கள் அவை. பலவற்றில் கம்பிக்குப் பின்னால் கரிய உருவம் ஒன்றும் இரண்டு பச்சை விளக்குகளும்தான் தெரிந்தன. நாயின் விழித்திரைக்குப் பின்புறம் டபீட்டம் லூசிடம் என்று ஒரு படலம் இருக்கிறது. கண்ணுக்குள் நுழைந்த வெளிச்சத்தை விழித்திரைக்கே மறுபடி திருப்பிவிட்டு, மங்கலான வெளிச்சத்திலும் பார்க்க வைப்பது அது. பிளாஷை நேருக்கு நேர் அடித்தால் அதே படலம் வெளிச்சத்தைக் கேமராவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். தன் நாயைத் தேடுகிறவர் அதன் முகத்தைத் தேடுகிறார். அந்தப் படங்களில் முகம் இல்லை. கல்லூரித் தோழன் ஒருவன் அந்த வேலையில் இருந்தான். "நீ வந்து எடுத்துக் கொடுடா" என்றான். போனேன்.

படம் எடுக்கக் கிடைத்தது காப்பகத்தின் சிகிச்சை அறை. மருந்து அலமாரி, நடுவில் எவர்சில்வர் மேசை, மூலையில் கைகழுவும் தொட்டி, வடக்குப் பார்த்து ஒரே ஒரு சன்னல். அங்கே நாய்களைக் கவனித்துக்கொண்ட அண்ணன் விழுப்புரம் பக்கத்துக்காரர். நான் பையை இறக்குவதற்கு முன்பே, உள்ளே வருகிற எல்லாரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னார்: "வாசலை விட்டு இந்தப் பக்கம் உக்காருங்க தம்பி. அதுக்கு ஓட வழி இருந்தா ஓடாது. வழி இல்லன்னாத்தான் மேல விழும்."

அறைக் கதவை அவர் சாத்தவில்லை. வராந்தாவின் கடைசியில் இருந்த கம்பிக் கதவை மட்டும் தாழ்போட்டார். நாய் வெளியே ஓடிவிடாது; ஆனால் அறையை விட்டுப் போகலாம் என்பது அதற்குத் தெரியும். செம்மண் நிறத்தில் ஒரு பெண் நாய் உள்ளே வந்ததும் தொட்டிக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. வால் வயிற்றோடு ஒடுங்கியிருந்தது. அண்ணன் என்னைச் சன்னல் சுவரோரம் தரையில், நாய்க்குப் பக்கவாட்டில் உட்கார வைத்தார். கேமராவையும் தரையில் வைக்கச் சொன்னார். லென்ஸ் சுவரைப் பார்க்க வேண்டும்.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பொறையை எடுத்தார். டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் அதே பொறைதான். தெருவில் வளர்ந்த சென்னை நாய்க்கு இதைவிடத் தெரிந்த வாசனை வேறு கிடையாது. ஒரு துண்டை உடைத்து அதன் பக்கம் உருட்டிவிட்டார். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பயம் ஏறிப்போன நாய் தின்னாது தம்பி. தின்னுச்சுன்னா இறங்குதுன்னு அர்த்தம்" என்றார். நாங்கள் வெள்ளத்தைப் பற்றி, அவர் ஊர்ப் பக்கத்துக் கரும்பு பற்றி, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். நாய் ஒருமுறை எழுந்து கதவு வரை போனது. வெளியே எட்டிப் பார்த்தது. யாரும் தடுக்கவில்லை என்றதும் திரும்பி வந்து, தொட்டிக்கு அடியில் போகாமல், சன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் படுத்தது. பொறையைத் தின்றது. எனக்குக் கிடைத்த முதல் படம் அதுதான்: முன்னங்கால்களை நீட்டி, தலை தூக்கி, கதவுக்கும் எனக்கும் நடுவில் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் நாய்.

அந்த வாரத்திலேயே முடிச்சூரிலிருந்து ஒரு குடும்பம் அதைத் தேடிக்கொண்டு வந்தது. முகம் மட்டும் என்றால் சந்தேகமாக இருந்திருக்கும் என்றார் அந்த வீட்டுப் பெண். செம்மண் நிற நாய்கள் ஊர் முழுக்க இருக்கின்றனவே. முன்னங்காலில் ஒரே ஒரு விரல் மட்டும் வெள்ளையாக இருந்ததைப் பார்த்துத்தான் புறப்பட்டு வந்திருக்கிறார்கள். காணாமல் போன நாய்க்கு எடுக்கிற படத்தில் முழு உடம்பும் வேண்டும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். மார்பு மச்சம், வால் நுனி, காதுகள் எல்லாம் தெரிய வேண்டும். கருத்தடை செய்த தெருநாய்க்குக் காது நுனியில் சிறிது வெட்டி அடையாளம் வைப்பார்கள். அந்தக் காது எந்தப் பக்கம் என்பதுகூட ஒரு நாயைத் தேடுகிறவருக்குத் தடயம். வீடு தேடும் நாய்க்கு எடுக்கிற படம் வேறு. அதில் கண் வேண்டும்.

கண்ணுக்காக மறுபடி மறுபடி அந்தக் காப்பகத்துக்குப் போனேன். அங்கே நான் முதலில் கற்றது கேமரா வித்தை அல்ல. நாயின் உடம்பைப் படிப்பது. நார்வே நாட்டுப் பயிற்சியாளர் தூரிட் ருகாஸ், நாய்கள் பதற்றத்தைத் தணிக்கக் காட்டும் சைகைகளைத் தொகுத்து எழுதியிருக்கிறார்: தூக்கம் வராதபோதும் விடும் கொட்டாவி, எதிரில் உணவு இல்லாதபோதும் உதட்டை நக்குவது, முகத்தை வேறு பக்கம் திருப்புவது, திடீரென்று தரையை மோப்பம் பிடிப்பது. விழுப்புரத்து அண்ணன் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் கொட்டாவி வந்ததும் என் முழங்கையைத் தொட்டு, "கொஞ்சம் விடுங்க" என்பார். நான் கேமராவை இறக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். நாய் உடம்பை ஒரு தரம் உதறிக்கொள்ளும். குளித்து முடித்த நாய் உதறுவது மாதிரி, ஆனால் ஈரம் இல்லாமல். அந்த உதறல் வந்தால் ஒரு கட்டம் கடந்துவிட்டது என்று பொருள்.

படம் பார்ப்பவர்களுக்கு இந்தச் சைகைகள் தெரிவதில்லை. தலையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் நம் பக்கம் ஓட்டும்போது வெண்விழி பிறை போலத் தெரியும். அந்தப் படத்துக்குக் கீழே "எவ்ளோ க்யூட்" என்று எழுதுவார்கள். உண்மையில் அந்த நாய், 'இதற்கு மேல் கிட்டே வராதே' என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறது. வாய் அகல விரிந்து, உதட்டோரம் பின்னால் இழுபட்டு, கண்ணைச் சுற்றித் தோல் இறுகி மூச்சிரைக்கும் நாயைப் பார்த்துச் "சிரிக்குது" என்பார்கள். வெயில் இல்லாத அறையில் அப்படி இரைக்கிற நாய் பயத்தில் இரைக்கிறது. இந்தப் படங்கள் எடுக்கச் சுலபம். நன்றாகப் பரவவும் செய்யும். நான் எடுப்பதில்லை. ஒரு நாய் வேண்டாம் என்று சொல்லும் கணத்தை அழகு என்று விற்க எனக்கு மனம் வரவில்லை.

உறுமலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறுமும் நாயை அதட்டி அடக்குகிறவர்கள் உண்டு. உறுமல் ஒரு மரியாதை. கடிப்பதற்கு முன் நமக்குத் தரப்படும் அவகாசம். அதை அடக்கிவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் பல் மட்டும் வரும். நான் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்கினேன். இருந்தாலும் உறுமல் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். நின்ற இடத்திலிருந்து பின்னால் நகராமல், பக்கவாட்டில் மெல்ல விலகுவேன்.

கேமரா என்ன செய்கிறது என்பதை நாயின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது நாய்களிடையே சண்டைக்கு அழைப்பு. லென்ஸ் என்பது இமைக்காமல் முறைக்கும் ஒரு பெரிய கண். நம் முகம் மறைந்து, அந்த இடத்தில் அந்தக் கண் வந்து நிற்கிறது. அதனால் நான் கேமராவை முகத்துக்குக் கொண்டுபோவதை விட்டேன். மடியில் வைத்து, பின்னால் இருக்கும் திரையை மேல்நோக்கி மடக்கி, குனிந்து பார்த்து எடுக்கிறேன். அப்பாவின் பழைய யாஷிகாவில் மேலிருந்து குனிந்து பார்ப்பார்களே, அதே உட்காரல். நாய்க்கு என் முகம் தெரிகிறது. அந்த முகம் அதை நேராகப் பார்க்கவும் இல்லை.

அடுத்தது சத்தம். மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு அது 45,000 வரை போகும். கண்ணாடி மேலெழுந்து விழும் பழைய வகைக் கேமராவின் 'டக்' சத்தம், நான்கு சுவர்களுக்குள் எதிரொலித்து நமக்கே உறைக்கும். ஒடுங்கிக் கிடக்கும் நாய்க்கு எப்படி இருக்கும்? முதலில் ஃபோகஸ் பீப் ஒலியையும், இருட்டில் எரியும் சிவப்பு உதவி விளக்கையும் அணைத்தேன். பின்னாளில் சத்தமே இல்லாத மின்னணு ஷட்டர் வந்தது பெரிய நிம்மதி. அதற்கும் ஒரு விலை இருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு நூறு தரம் மினுங்குகின்றன. சத்தமில்லாத ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் வரிவரியாக நிழல் விழும். 1/100 நொடியில் வைத்தால் வரி மறையும். ஆனால் நாய் நடுங்கிக்கொண்டிருந்தால் கலங்கிவிடும். அசையாமல் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும் நாயின் மீசை முடிகளும் தொடையும் 1/100-இல் கலங்குவதை வைத்தே, அது எவ்வளவு நடுங்குகிறது என்று எனக்குப் புரிந்திருக்கிறது.

அதனால் அறைக்குள் போனதும் முதலில் செய்வது, விளக்கை அணைத்துச் சன்னலைத் திறப்பது. சன்னல் வெளிச்சம் மினுங்காது, இரையாது, பளிச்சிடாது. ஆனால் சன்னலை விட்டு விலக விலகச் சட்டென்று வற்றிவிடும். நாயைச் சன்னலருகே இழுத்து வர முடியாது. வரத் தோன்றும்படி செய்யலாம். தரைதான் அதற்கு வழி. காப்பகங்களிலும் வீடுகளிலும் வழுவழுப்பான டைல்ஸ் தரை. கால் வழுக்கும் இடத்தில் நாய்க்குப் பயம் இரட்டிப்பாகும். ஓட நினைத்தாலும் ஓட முடியாது என்று அதன் கால்களே அதனிடம் சொல்லிக்கொண்டிருக்கும். சன்னலுக்குக் கீழே ஒரு சாக்கையோ பழைய பருத்திப் புடவையையோ நாலாக மடித்து விரித்தால், கால் ஊன்ற இடம் தேடும் நாய் தானாக அங்கே வந்து நிற்கும். அந்த நாயே படுத்துப் புரண்ட துணி என்றால் இன்னும் நல்லது.

லென்ஸ் விஷயத்தில் சின்ன அறை நம்மை இரண்டு பக்கமும் நெருக்கும். தூரத்திலிருந்து எடுக்கும் 85 எம்.எம். லென்ஸைப் போட்டால் முதுகு சுவரில் இடித்தாலும் நாய் முழுதாக அடங்காது. 24 எம்.எம். போட்டால் எல்லாம் அடங்கும்; ஆனால் முகம் நிறைய வேண்டுமென்றால் நாயின் மூக்கருகே போக வேண்டும், மூக்கு பெருத்துக் கண் சிறுத்துவிடும். நான் 50-இல் நின்றுவிட்டேன். சில நாள் 35. துளையை முழுக்கத் திறந்தால் நீண்ட முகத்தில் மூக்கு மட்டும் தெளிந்து கண் மங்கிவிடும் என்பதால் எஃப்/4-க்கு அருகில் வைப்பேன். வெளிச்சம் போதவில்லை என்றால் ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கும் அதற்கு மேலும் ஏற்றுவேன். படத்தில் கொஞ்சம் மணல் தூவினது போலத் தெரியும். தெரியட்டும். பிளாஷ் அடித்து வாங்கிய தெளிவைவிட அந்த மணல் மேல்.

எவ்வளவு படித்தாலும் ஒவ்வொரு நாயும் புதிதாக ஒன்றைக் கேட்கும். ஒரு கோடையில் காப்பகத்துக்கு இளம் ராஜபாளையம் நாய் ஒன்று வந்தது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் இந்த இனமும் ஒன்று. அவ்வளவு பெருமைக்குரிய இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் பிறப்பதுண்டு. இந்த நாய்க்கும் காது கேட்காது. அதனால்தான் விலைபோகவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சத்தத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்ட வித்தைகள் எதுவும் இங்கே உதவவில்லை. அது பார்க்காத திசையிலிருந்து யார் வந்தாலும் தூக்கிவாரிப் போட்டு எழுந்தது. சத்தமில்லாமல் இருப்பதுதான் அதற்குப் பயம்.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உள்ளங்காலால் மெல்லத் தட்டியபடியே உள்ளே வருவார். அதிர்வு முன்னால் போய்ச் சேரும்; நாய் திரும்பிப் பார்க்கும்; அப்புறம் அவர் நெருங்குவார். நானும் அப்படியே செய்தேன். அதன் கண்ணில் படும் இடத்திலேயே உட்கார்ந்தேன், எழுந்தால் கையைக் காட்டிவிட்டு எழுந்தேன். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை நாயை அழுக்காக்கிவிடும். ஒரு படி கூட்டிவைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக இருக்கும். அன்று எடுத்த படத்தில் அது கேமராவைப் பார்க்கவில்லை. அண்ணனின் கையைப் பார்க்கிறது. பயமில்லாமல், அடுத்து என்ன சொல்லப் போகிறது இந்தக் கை என்ற ஆவலோடு பார்க்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான், காது கேளாதவர்கள் இருக்கும் ஒரு வீட்டிலிருந்து அதைக் கேட்டு வந்தார்கள். கையால் பேசும் வீட்டுக்கு, கையைப் படிக்கத் தெரிந்த நாய் போனது.

இன்னொன்று திருவல்லிக்கேணியில். நீளமான பழைய வீட்டின் ஒரு பகுதியில் ஒரே அறையும் சமையலிடமுமாகக் குடியிருந்த பாட்டி, தன் நாய் மணியைப் படம் எடுத்துத் தரக் கேட்டிருந்தார். மாநகராட்சி உரிமத்துக்கு நாயின் படம் வேண்டும். அவருக்கும் ஒன்று வேண்டும். "எல்லாப் போட்டோவிலயும் வால்தான்ப்பா இருக்கு" என்று கைப்பேசியைக் காட்டினார். மணி கருங்கறுப்பு. தீபாவளி முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. 2018-லிருந்து பட்டாசுக்குக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்தத் தெருவில் பிள்ளைகள் மிச்சம் வைத்த வெடிகளை நினைத்துக்கொண்டபோதெல்லாம் வெடித்துக்கொண்டிருந்தார்கள். மணி கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுக்கலாமா என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். பாட்டி வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன். இருக்கிற ஒரே அறையில் மணி தனக்கென்று கண்டுபிடித்து வைத்திருக்கும் இன்னோர் அறை அந்தக் கட்டிலடி. அதைப் பறித்துவிட்டு என்ன படம் எடுப்பது? நான் தரையில் படுத்துக்கொண்டேன். பாட்டி தன் வெள்ளைப் புடவை ஒன்றைச் சன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஆணியில் மாட்டினார். சன்னல் வெளிச்சம் அந்தப் புடவையில் பட்டு, மெல்லத் திரும்பிக் கட்டிலடிக்குள் போனது. கறுப்பு நாயை ஒளிமானி சாம்பலாக்கும் என்பதால் ஒரு படி குறைத்துவைத்தேன். இருட்டுக்குள் முதலில் மூக்கின் ஈரம் தெரிந்தது. பிறகு இரண்டு கண்ணிலும் சன்னல் சின்னச் சின்னச் சதுரமாக விழுந்தது. கறுப்பு நாயின் முகத்துக்கு உயிர் கொடுப்பது அந்தச் சதுரங்கள்தான்.

பாட்டி கட்டில் மேல் உட்கார்ந்து, எப்போதும் பேசுவதுபோல மணியிடம் பேசிக்கொண்டே கீரை ஆய்ந்தார். மணிக்கு அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். காது இரண்டும் முன்னால் வந்தன. முகவாயைப் பாட்டியின் கால் விரல்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. நான் எடுத்துக்கொண்டேன். உரிமத்துக்கு அந்தப் படம் போதும். பாட்டிக்கு அது போதுமானதைவிட அதிகமாக இருந்தது. பெரிதாக்கிச் சட்டம் போடச் சொன்னார்.

நாய்ப்படம் என்றால் உலகம் முதலில் நினைப்பது எலியட் எர்விட்டை. 2023-இல் காலமான அந்த அமெரிக்கக் கலைஞர் தெருக்களில் நாய்களின் உயரத்துக்குக் குனிந்து எடுத்த படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் சில சமயம் நாயைப் பார்த்துத் தானே குரைப்பாராம். நாய் துள்ளும் கணத்தில் ஷட்டரை அழுத்துவாராம். அது தெருவின் கலை. அங்கே நாய்க்கு ஓட நாலு திசையும் இருக்கிறது, அது விளையாட்டாக முடிகிறது. நாலு சுவருக்குள் அதே குரைப்பு கொடுமை. இடம் மாறினால் கலையின் அறமும் மாறத்தான் வேண்டும். எர்விட்டிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் குனிவை மட்டும்.

படம் கிடைக்காத நாட்களும் உண்டு. அன்று கேமரா பையை நாய் மோந்து பார்த்தால் அதை ஒரு வேலையாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். அடுத்த முறை அந்தப் பையின் வாசனை அதற்குப் பழகியதாக இருக்கும். காப்பகம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பதும் இதற்கான இடத்தைத்தான். புதிய ஸ்டூடியோ வேண்டாம். சன்னல் உள்ள ஒரு அறை, வழுக்காத ஒரு விரிப்பு, திறந்தே வைக்கக்கூடிய ஒரு கதவு, அந்தக் கதவுக்கு வெளியே பத்திரமாகத் தாழ்போட்ட இன்னொரு கதவு. இவ்வளவு போதும். கூடவே, அவசரப்படாத ஒரு மனிதர் வேண்டும். விழுப்புரத்து அண்ணனைப் போன்றவர்கள் எல்லாக் காப்பகத்திலும் இருக்கிறார்கள். கூண்டு கழுவும் ஆள் என்று நினைத்து அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அழகு அல்ல. பிடித்து நிறுத்தி, வெளிச்சம் அடித்து, நிமிர்த்தி எடுத்த படத்தில் ஒரு நாய் தைரியசாலியாகத் தெரியலாம். அதை நம்பி ஒரு குடும்பம் அழைத்துப் போகும். வீட்டில் அது அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். "போட்டோவுல அப்படி இல்லையே" என்று சில வாரங்களில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். திருப்பி விடப்பட்ட நாய்க்கு அடுத்த அறை முன்னைவிடச் சின்னதாகிவிடும். கூச்சத்தோடு, ஆனால் தானாக முன்வந்து பார்த்த நாயின் படம் அப்படிப் பொய் சொல்லாது. அதன் கீழே நான் எழுதித் தருவதும் அதேபோல் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறேன்: "ஆட்களைக் கண்டால் முதலில் ஒதுங்கும். கதவு திறந்திருந்தால் தைரியம் வரும். பொறை தின்னும். காத்திருக்கத் தெரிந்தவர்கள் வரவும்." அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் குறைவு. வந்தவர்கள் நாயோடு போயிருக்கிறார்கள். அந்த நாய்களை நான் மறுபடி காப்பகத்தில் பார்த்ததில்லை.